குழாயடியிலிருந்து ஆற்றங்கரைக்கு



காலையில் எழுந்ததும் நாம் முதலில் தொடுவது தண்ணீர்க் குழாயைத்தான். ஜெலுத்தோங்கில் பழைய பலகை வீட்டில் இருப்பவரானாலும் சரி, அடுக்குமாடியில் பதினைந்தாம் மாடியில் குடியிருப்பவரானாலும் சரி, குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டுகிறது. இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். "ஆயர் ஈத்தாம் அணையிலிருந்து" என்று பலர் சொல்வார்கள். "பினாங்கு மலையிலிருந்து" என்பார்கள் சிலர். இவ்விடைகளில் உண்மை கொஞ்சமே உண்டு. பினாங்கு மாநிலத்துக்கு வேண்டிய நீரில் நூற்றுக்கு எண்பது பங்கு அளவு, கடலுக்கு அப்பால் கெடா மாநிலத்தில் பிறந்து வரும் மூடா ஆற்றிலிருந்தே எடுக்கப்படுகிறது.

இன்றைய உரையில், அந்த ஆற்றைத் தேடி ஜெலுத்தோங்கிலிருந்து மிதிவண்டியில் போய் வருவோம். நெடுஞ்சாலையில் விரைந்து போகும் பயணம் அன்று இது. கூடியவரையில் ஆற்றுக்கரை, வாய்க்கால் கரை, தோட்டத்துச் செம்மண் சாலை, சரளைக்கல் பாதை ஆகியவற்றின் வழியே செல்லும் பயணம். சதுப்பு நிலம், ஆற்றுப் பள்ளத்தாக்கு, காடு ஆகிய மூன்றையும் இவ்வழியில் காணலாம். இம்மூன்றுக்கும் நம் வீட்டுக் குழாய்க்கும் உள்ள உறவு என்ன என்பதே நாம் அறிய வேண்டிய செய்தி.

தார் போடாத பாதைகளில் மிதிவண்டி ஓட்டுவதற்கு இன்று உலகில் 'கிராவல்' பயணம் என்று தனிப்பெயர் வந்துவிட்டது. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து எம்போரியா என்னும் ஊரில் 2006ஆம் ஆண்டில் 200 மைல் தூரச் சரளைப் பாதைப் போட்டி ஒன்று தொடங்கியது. 2022இல் இதற்கென முதல் உலக வாகையர் போட்டி இத்தாலியில் நடைபெற்றது. பெயர் புதிது; பழக்கமோ மிகப் பழையது. 1817இல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் என்பவர் முதல் இருசக்கர வண்டியை ஓட்டிக் காட்டிய காலத்தில் தார்ச்சாலை ஏது? 1888இல் டன்லப் காற்றடைத்த ரப்பர் டயருக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் உலகத்து டயர்களுக்கெல்லாம் வேண்டிய ரப்பரை அள்ளிக் கொடுத்த நாடுகளுள் மலாயா முன்னின்றது. அந்த மரங்களைச் சீவியவர்களில் நம் பாட்டன் பாட்டிமார் எத்தனை ஆயிரம் பேர்! வண்டியின் இருபுறமும் பால் வாளிகள் தொங்க, மழையில் சறுக்கும் செம்மண் சாலையில், ஒரு சொட்டும் சிந்தாமல் பால் கொட்டகை வரையில் ஓட்டிச் சென்றவர்கள் அவர்கள். இன்று விளையாட்டு என்று பெயர் பெற்றிருக்கும் இந்தத் திறமை, நம்மவர்க்கு ஒரு காலத்தில் அன்றாடப் பிழைப்பாக இருந்தது.

இதற்கு ஏற்ற வண்டி எது? பந்தய வண்டியின் டயர் 25 அல்லது 28 மில்லிமீட்டர் அகலமே இருக்கும். அது சரளையில் புதையும், கல்லில் துள்ளும். கிராவல் வண்டியின் டயர் 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை அகலம் உள்ளது. அதில் காற்றைச் சற்றுக் குறைவாக அடைத்தால், டயர் கல்லின் மேல் படிந்து அமுங்கிப் பிடிப்புக் கொடுக்கும். நம் கைக்கும் முதுகுக்கும் அதிர்வு குறையும். மிகவும் குறைத்துவிட்டால் விளிம்புக்கும் கல்லுக்கும் இடையில் டியூப் நசுங்கிப் பஞ்சராகும். ஆகவே கட்டை விரலால் அழுத்தினால் சிறிதே உள்வாங்கும் அளவு போதும். ஏற்றத்துக்கு இலகுவான கியரும், சேற்றிலும் நன்கு பிடிக்கும் பிரேக்கும் வேண்டும். விலையுயர்ந்த வண்டிதான் வேண்டும் என்பதில்லை. வீட்டிலிருக்கும் உறுதியான சாதாரண வண்டியில் அகலமான டயரைப் போட்டும் தொடங்கலாம்.

இனிப் புறப்படுவோம். ஜெலுத்தோங் என்பதே ஒரு காட்டு மரத்தின் பெயர். மெல்லும் மிட்டாய் செய்வதற்கு அதன் பால் ஒரு காலத்தில் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாயிற்று. மரத்தின் பெயரை இன்றும் தாங்கி நிற்கும் இவ்வட்டாரத்தில் கடைவீடுகளும் பட்டறைகளும் மாடி வீடுகளுமே நிறைந்துள்ளன. வடக்கே போனால் பினாங்கு ஆறு குறுக்கிடும். பாலத்தின் மேல் ஒரு நிமிடம் வண்டியை நிறுத்திக் கீழே பார்க்க வேண்டும். மலையில் அருவியாகத் தெளிந்து பிறந்த நீர், நகரத்தின் கழிவையெல்லாம் சுமந்து கறுத்துப்போய்க் கடலில் சேருகிறது. இந்த ஆற்று நீரை இங்கே அள்ளிக் குடிக்க யாரும் துணியமாட்டார்கள். தன் வீட்டு வாசலில் ஓடும் ஆற்றைக் கெடுத்துக்கொண்ட நகரம், தொலைவிலுள்ள ஆற்றை நம்பி வாழ்கிறது. இந்த எண்ணத்தோடு நம் பயணம் தொடங்கட்டும்.

கடலைக் கடப்பதற்கு 1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலமும், 2014இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலமும் உள்ளன. எனினும் மிதிவண்டிக்கு அவற்றில் இடமில்லை. நமக்குப் பெர்ரிதான் துணை. கார்களை ஏற்றிச் சென்ற பழைய இரட்டைத் தட்டுப் பெர்ரிகள் ஓய்வு பெற்றுவிட்டன. 2023 ஆகஸ்டு முதல் ஓடும் புதிய படகுகளில் ஆட்களோடு மோட்டார் சைக்கிள்களையும் மிதிவண்டிகளையும் ஏற்றிச் செல்லலாம். கடலைக் கடக்கும் இச்சிறிது நேரத்தில் நம் காலடியில் இன்னொன்றையும் நினைத்துக்கொள்ளலாம். பெருநிலத்தில் சுத்தம் செய்யப்பட்ட குடிநீர், கடலடிக் குழாய்கள் வழியாக நமக்கு எதிர்த்திசையில் தீவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது.

பட்டர்வொர்த்தில் இறங்கியதும் வடக்கே திரும்புவோம். இடப்புறம் கடலோரத்தில் தெலுக் ஆயர் தாவார் தொடங்கிக் கோலமூடா வரையில் சேற்று நிலமும் கண்டல் மரங்களும் உள்ளன. நீர் வற்றிய வேளையில் கரையில் நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதான் தெரியும். ஆனால் அந்தச் சேற்றுக்குள் புழுவும் நண்டும் சிப்பியும் பொதிந்து கிடக்கின்றன. செப்டம்பர் தொடங்கி ஏப்ரல் வரையில், வட ஆசியக் குளிருக்குத் தப்பி வரும் நீர்ப்பறவைகள் கூட்டங்கூட்டமாக இங்கே இறங்கி இரை தேடுகின்றன. பறவைகளுக்கு இன்றியமையாத இடங்கள் என்று உலக அளவில் தொகுக்கப்பட்ட பட்டியலில் இக்கரையும் சேர்ந்துள்ளது. பறவைகள் கூடியிருக்கும் இடத்தில் வண்டியை விட்டு இறங்கி மெல்லத் தள்ளிக்கொண்டு போவதே பண்பு. ஒருமுறை அவை அஞ்சிப் பறந்தால், நெடும்பயணத்துக்கென்று சேர்த்து வைத்த வலிமையில் ஒரு பங்கு வீணாகும்.

பிறகு உள்நாட்டுப் பக்கம் திரும்பிக் கெப்பாலா பத்தாஸ் வட்டாரத்தை அடைகிறோம். இங்கே நெல் வயல்களும் அவற்றின் ஊடே வாய்க்கால்களும் உள்ளன. வாய்க்கால் கரைகளின் மேல் மண்ணும் சரளையும் கொட்டிய ஒற்றைப் பாதைகள் செல்கின்றன. மிதிவண்டிக்காரருக்கு இவை வரப்பிரசாதம். ஏற்ற இறக்கம் இல்லை. லாரித் தொல்லையும் குறைவு. ஆயினும் இவை உழவருக்கென்று அமைந்த வழிகள் என்பதை மறக்கலாகாது. அறுவடை எந்திரம் வந்தால் ஒதுங்கி வழிவிட வேண்டும். மழை பெய்து ஊறிய கரையில் ஓட்டினால் சக்கரம் குழி பறிக்கும். அந்தக் குழி வழியே கரை உடையவும் கூடும். ஈரக் கரையை விட்டுத் தார்ச்சாலைக்கு வந்துவிடுவதே நல்லது.

கெப்பாலா பத்தாசுக்கு அப்பால் மூடா ஆற்றை அடுத்து லாஹார் தியாங் என்னும் இடம் உள்ளது. நாம் தேடி வந்த இடம் இதுதான். இங்கே ஆற்றிலிருந்து நீரை எடுத்து, கால்வாய் வழியாகச் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே கலங்கலைப் படிய வைத்து, வடிகட்டி, கிருமி நீக்கிக் குழாய்களில் விடுகிறார்கள். மிஞ்சும் நீரில் ஒரு பங்கு மெங்குவாங் அணைக்கு ஏற்றப்பட்டு, வறட்சிக் காலத்துக்குச் சேமிக்கப்படுகிறது. ஆற்றின் முகத்துவாரத்தை நோக்கிச் சென்றால், குறுக்கே ஒரு தடுப்பணையைக் காணலாம். கடல் பொங்கும் வேளையில் உப்பு நீர் ஆற்றில் மேலேறாமல் காப்பது அதன் வேலை. அந்தத் தடுப்பு இல்லையேல் குடிநீர் உவர்த்துவிடும். நீர் நிலையங்களின் வேலியைத் தாண்டி உள்ளே போக முயல வேண்டாம். வெளியிலிருந்து பார்த்தாலே விளங்கும்.

மூடா ஆறு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நீளமுள்ளது. கீழ்ப்பகுதியில் அதுவே கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லை. 2003ஆம் ஆண்டு அக்டோபரில் இவ்வாற்றில் வந்த பெருவெள்ளம் இருகரை மக்களையும் கலங்கடித்தது. ஆற்றங்கரையில் வண்டியோட்டிச் செல்லும்போது இன்னொரு காட்சியும் கண்ணில் படும். ஆற்றுப் படுகையிலிருந்து மணல் அள்ளும் வேலை இங்கே பல காலமாக நடந்து வந்திருக்கிறது. வீடு கட்ட மணல் வேண்டும் என்பது உண்மையே. ஆனால் அளவின்றி அள்ளினால் படுகை ஆழமாகும், கரை சரியும், பாலத்தின் கால்கள் வெளியே தெரியும், நீர் எடுக்கும் இடத்தில் நீர்மட்டம் தாழும். இவற்றையெல்லாம் காரில் பறந்து செல்பவர் காண்பதில்லை. மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் கண்டுகொள்கிறார்.

பும்போங் லீமாவில் மெர்டேக்காப் பாலத்தின் மேல் ஆற்றைக் கடந்தால் கெடா மாநிலம். ஒரு முறை நாங்கள் ஐவர் இவ்வழியே சென்றோம். மார்ச்சு மாதத்து வெயில். ஒரு செம்பனைத் தோட்டத்துச் சாலையில் எங்களில் ஒருவருடைய பின்சக்கரத்தில் செம்பனை மட்டையின் முள் ஏறிவிட்டது. பஞ்சர் ஒட்டி முடிப்பதற்குள் கையிலிருந்த தண்ணீர் தீர்ந்தது. அருகே ஒரு வீட்டு வாசலில், தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கேட்காமலேயே குடத்தோடு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எந்த ஊர் என்று விசாரித்தார். ஜெலுத்தோங் என்றோம்.

"பினாங்கா! அப்ப நீங்க தினமும் குடிக்கிறதே எங்க ஆத்துத் தண்ணிதானே, தம்பி? இன்னிக்கு என்ன, குடத்துல குடிக்கிறீங்க, அவ்வளவுதான்" என்று சிரித்தார். சற்றுப் பொறுத்து, "முந்தியெல்லாம் மழை விட்டா ரெண்டு நாள்ல ஆறு தெளிஞ்சிடும். இப்பல்லாம் ஒரு வாரமானாலும் செம்மண்ணாவே ஓடுது. மேலே காட்டுல என்ன பண்றாங்களோ" என்றார்.

அந்தப் பெரியவர் நீரியல் நூல் எதையும் படித்தவரல்லர். ஆனாலும் அவர் சொன்னது அந்நூல்கள் சொல்வதுதான். அதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம். அடர்ந்த காட்டில் பெய்யும் மழை நேரே தரையில் அறைவதில்லை. மேல்மரம், நடுமரம், புதர் என்று பல தட்டுகளில் பட்டு வேகம் தணிந்து சொட்டுகிறது. தரையில் மெத்தை போல் கிடக்கும் சருகும் வேரும் அதை உறிஞ்சி மண்ணுக்குள் இறக்குகின்றன. மண் அதைத் தேக்கி வைத்து, மழையில்லாத நாட்களிலும் ஊற்றாகக் கசியவிடுகிறது. வடமேற்கு மலேசியாவில் சனவரி, பிப்ரவரி மாதங்களில் மழை மிகக் குறைவு. அந்நாட்களில் ஆறு ஓடுகிறதென்றால், முன்பு பெய்த மழையைக் காடு சேர்த்து வைத்திருந்தது என்று பொருள். காட்டை வெட்டி லாரிப் பாதை போட்டால் மழை மண்ணை வாரிக்கொண்டு ஒரேயடியாக ஓடிவிடுகிறது. முதலில் வெள்ளம், பிறகு வறட்சி. இடையில் வரும் கலங்கல் நீரைத் தெளிய வைக்கச் சுத்திகரிப்பு நிலையம் திணறுகிறது. கலங்கல் மிகுந்தால் நீர் எடுப்பதையே குறைக்க நேரிடும். அப்போது ஜெலுத்தோங்கில் மாடி வீட்டுக் குழாய் காற்றைத்தான் கக்கும்.

மூடா ஆற்றின் தாய்வீடு ஊலு மூடா காடு. ஏறத்தாழ 1,60,000 ஹெக்டேர் பரப்புள்ள இக்காட்டில் யானைகளும் இருவாசிப் பறவைகளும் வாழ்கின்றன. மூடா, பெடு, அஹ்னிங் ஆகிய மூன்று அணைகளும் இக்காட்டு நீரையே நம்பியுள்ளன. கெடா, பெர்லிஸ் சமவெளியில் ஏறத்தாழ ஒரு லட்சம் ஹெக்டேர் நெல் வயல்களுக்கு இருபோகம் விளைய நீர் கிடைப்பதும் இதனால்தான். ஆக, நம் குவளையில் உள்ள தண்ணீருக்கும் தட்டில் உள்ள சோற்றுக்கும் ஒரே காடு பொறுப்பேற்று நிற்கிறது. அங்கே மரம் வெட்டுவதை எவ்வளவு அனுமதிப்பது, காட்டைக் காக்கும் மாநிலத்துக்கு நீரைப் பயன்படுத்தும் மாநிலம் ஈடு கொடுக்க வேண்டுமா என்பவை பல ஆண்டுகளாக வாதிக்கப்படும் கேள்விகள். விடை எதுவாயினும், கேள்வி நம்முடையது என்பதையாவது நாம் உணர வேண்டும். ஊலு மூடா நம் ஒருநாள் பயணத்துக்கு எட்டாத தொலைவு. சீக் மாவட்டத்துக் குபிர் துறையிலிருந்து படகேறித்தான் உள்ளே போக முடியும்.

ஆனால் சதுப்பையும் பழைய காட்டையும் அருகருகே காண இன்னோரிடம் உண்டு. சுங்கைப் பட்டாணியைத் தாண்டி மேற்கே செமெலிங், மெர்போக் ஊர்களை நோக்கிச் செல்வோம். மெர்போக் ஆற்றின் இருமருங்கிலும் கண்டல் காடு செழித்திருக்கிறது. சில மரங்கள் குடைக்கம்பி போல வேர்களைச் சேற்றில் ஊன்றி நிற்கின்றன. வேறு சில, மூச்சு விடுவதற்கென்று வேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டுகின்றன. நீப்பாப் பனைகள் கரையோரமாய்க் கூட்டமாக வளர்கின்றன. மேலேயிருந்து ஆறு கொண்டுவரும் வண்டலை இவ்வேர்கள் பிடித்து நிறுத்துகின்றன. மீனும் இறாலும் குஞ்சாக வளரும் தொட்டிலும் இதுவே. 2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையில் மலேசியாவில் 68 பேர் உயிரிழந்தனர். கெடாவில் மிகவும் அடிபட்ட ஊர் இதற்கு அருகிலுள்ள கோத்தா கோலமூடா. அந்நிகழ்ச்சிக்குப் பிறகுதான் கண்டல் மரம் ஒரு வேலி என்பதைப் பலர் உணர்ந்தனர்.

மெர்போக்கிற்கு வடக்கே 1,217 மீட்டர் உயரத்தில் குனோங் ஜெராய் மலை எழுகிறது. அதன் அடிவாரமே பூஜாங் பள்ளத்தாக்கு. தமிழர் கடாரம் என்று அறிந்த நிலம். 1025ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை வென்ற நாடுகளில் கடாரமும் ஒன்று என்பதை அவனுடைய கல்வெட்டுகள் கூறுகின்றன. படையெடுப்புக்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே வணிகர் இங்கு வந்து போயினர். ஏன் இங்கு வந்தார்கள்? மிதிவண்டியில் வருகிறவருக்கு விடை கண்ணெதிரே தெரியும். கடலில் நெடுந்தொலைவிலிருந்தே தெரியும் மலை. அலையடங்கிய சதுப்பு ஆறு. மலையிலிருந்து இறங்கும் நல்ல தண்ணீர். புக்கிட் பத்து பஹாட்டில் ஓடையருகே நிற்கும் சண்டி என்னும் கோயில் அடித்தளம் 1960 அளவில் சீர்செய்து நிறுத்தப்பட்டது. அருகே அருங்காட்சியகம் உள்ளது. பின்னாளில் வண்டல் படிந்து கடற்கரை விலகிப் போக, பழைய துறைகள் நிலத்துக்குள் சிக்கின. இயற்கை மூடியதை மனிதர் அழித்த கதையும் உண்டு. 2013இல் நிலம் திருத்தும் வேலையின்போது 11ஆம் எண் சண்டி இடிக்கப்பட்டுவிட்டது. கேட்பாரற்றுக் கிடப்பது பழங்கோயிலானாலும் காடானாலும் ஒரே நாளில் போய்விடக்கூடும்.

ஜெராய் மலையடியில் துப்பா என்னும் காட்டுப் பூங்கா உள்ளது. ஓடை பாறைகளின் ஊடே தெளிவாக ஓடுகிறது. ஜெலுத்தோங்கில் பார்த்த பினாங்கு ஆற்றை இங்கே நினைத்துப் பாருங்கள். அதுவும் தன் மலையில் இப்படித்தான் பிறக்கிறது.

புறப்பட எண்ணுவோர்க்குச் சில குறிப்புகள். சனவரி முதல் மார்ச்சு வரை பாதை உலர்ந்திருக்கும். ஏப்ரல், மே மாதங்களிலும், செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும் பிற்பகல் மழை மிகுதி. நனைந்த செம்மண் சவர்க்காரம் போல் வழுக்கும். முன்பிரேக்கை மட்டும் திடீரென்று பிடித்தால் சறுக்கி விழ நேரிடும். சரளை இறக்கத்தில் இருக்கையிலிருந்து சற்று எழுந்து, முழங்கையைத் தளர்த்தி, இரு பிரேக்கையும் மெல்ல அழுத்த வேண்டும். ஆளுக்கு இரண்டு புட்டித் தண்ணீரும், மாற்று டியூபும், காற்றடிக்கும் பம்பும் கட்டாயம் தேவை. ஆற்று நீரைக் காய்ச்சாமல் குடிக்கலாகாது. எலிக்காய்ச்சல் வரக்கூடும் என்பதால் காயம்பட்ட காலோடு சேற்று நீரில் இறங்கவும் கூடாது. தோட்டங்களுக்குள் நுழையுமுன் காவலரிடம் அனுமதி கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள். ஒரே நாளில் போய்த் திரும்ப இயலாதவர்கள் சுங்கைப் பட்டாணியில் இரவு தங்கிக்கொள்ளலாம். புதிதாகத் தொடங்குவோர் முதலில் பாலிக் பூலாவ் வயல்வெளிப் பாதைகளில் பழகிக்கொள்வது நலம்.

நேயர்களே, அன்று அந்தப் பெரியவரிடம் விடைபெற்று வந்தபோது, எங்கள் புட்டிகளை அவரே மறுபடியும் நிரப்பிக் கொடுத்தார். மாலையில் பெர்ரியேறி ஜெலுத்தோங் திரும்பி, சேறு படிந்த வண்டிகளைக் கழுவக் குழாயைத் திறந்தோம். எங்களில் ஒருவர் உடனே அதைப் பாதியாக மூடி, ஒரு வாளியில் பிடித்துக் கழுவத் தொடங்கினார். யாரும் அவருக்கு எதுவும் சொல்லவில்லை. மற்ற நால்வரும் வாளி தேடிப் போனோம்.